முதலில் வாங்க வேண்டியது

சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ஞாயிறு பூசை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு தாயும் மகனும் நமக்காகக் காத்திருந்தனர். தாய் பீடி சுற்றிப் பிழைப்பவர். மகன் இருபத்திரண்டு வயது இளைஞன். பக்கத்து நகரில் கைப்பேசிக் கடையொன்றில் வேலை பார்ப்பவன். அவன் ஒரு தாளை நம்மிடம் நீட்டினான். தாயோ முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று பவுன் சங்கிலி ஒன்றை மேசைமீது வைத்தார்.

"சாமி, இவன் டி.ஜே. ஆகப் போறானாம். இதை அடகு வைக்கலாமா, வேண்டாமா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

தாளை வாசித்தோம். பதினெட்டு அங்குல பேஸ் பெட்டிகள் இரண்டு, ஆம்ப்ளிஃபயர் இரண்டு, சுழலும் விளக்குகள் ஆறு, புகை எழுப்பும் இயந்திரம் ஒன்று, கன்ட்ரோலர் ஒன்று. கூட்டுத்தொகை 2,40,000 ரூபாய். சங்கிலிக்குக் கிடைப்பது போக மீதியை வட்டிக்கு வாங்குவதாகத் திட்டம். பட்டியலின் கடைசி வரியில் ஹெட்போன் ஒன்று, 600 ரூபாய்.

நாம் உடனே விடை கூறவில்லை. கூறும் துணிவு நமக்கு இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

2014-ஆம் ஆண்டில் நாம் பக்கத்துப் பங்கில் பணியாற்றி வந்தோம். அங்கும் இதுபோல் ஓர் இளைஞன் வந்தான். பாட்டில் ஆர்வமும் பணிவும் உள்ள பையன். "பெரிய பெட்டிகளாக வாங்கு, நம் கோவில் திருவிழாவுக்கும் ஆகும்" என்று அவனுக்குச் சொன்னவர் நாமே. அவன் கடன் பெறுவதற்கு வாக்குறுதி அளித்தவரும் நாமே. பதினைந்து அங்குலப் பெட்டிகள் நான்கு லாரியில் வந்திறங்கிய நாளில் தெருவே கூடியது. நாம் தீர்த்தம் தெளித்து மந்திரித்தோம். அவ்வாண்டுத் திருவிழாவில் கோவில் சன்னல்கள் அதிர்ந்தன. நம் உள்ளமும் பெருமையில் அதிர்ந்தது.

ஆனால் ஒரு பாட்டோடு அடுத்த பாட்டை இணைக்க அவன் கற்றிருக்கவில்லை. ஒரு தாளத்தின்மேல் மற்றொரு தாளம் இடறி விழும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று விடுவார்கள். ஒருமுறை அழைத்தவர்கள் மறுமுறை அழைக்கவில்லை. வந்த வருமானமும் பெட்டி சுமக்கும் வண்டிக்கும் ஆட்களுக்குமே சரியாயிற்று. இரண்டாம் ஆண்டில் அவன் வட்டி கட்டுவதற்காக வளைகுடாவுக்குச் சென்றான். பெட்டிகள் அவன் தந்தையின் மாட்டுத் தொழுவத்தில் தார்ப்பாயின்கீழ் முடங்கின. அத்தந்தை நம்மைக் குறை கூறவில்லை. நம்மோடு பேசுவதைத்தான் நிறுத்திக்கொண்டார்.

ஆகவே, "ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்று தாயையும் மகனையும் அனுப்பி வைத்தோம். சங்கிலியைத் தாயின் கழுத்திலேயே போட்டுக்கொள்ளச் சொன்னோம். பிறகு, 2014-இல் கேட்டறிந்திருக்க வேண்டியதை இப்போதேனும் கேட்டறியப் புறப்பட்டோம்.

நம் சிறுவயதில் ஊருக்கு மைக் செட் போட்ட பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். குழாய் ஸ்பீக்கரைத் தென்னை உச்சியில் கட்டி, இசைத்தட்டுகளைத் துடைத்துத் துடைத்துப் போட்டவர். அவர் சொன்னார்: "எங்களுக்கு ஒரே சுழல்மேடைதான் சாமி. பாட்டு முடிஞ்சா ஊசியைத் தூக்கி அடுத்த தட்டு வைக்கிற வரைக்கும் ஊரே காத்திருக்கும். இந்தப் பிள்ளைங்க காத்திருக்க வைக்கக் கூடாது. அதுதான் இவங்க வேலையே."

இத்தொழிலின் வரலாறும் இதையே உரைக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில், ஜமாய்க்காவில் பிறந்த கிளைவ் கேம்ப்பெல் என்னும் இளைஞர் தம் தங்கையின் விருந்துக்கு இசைத்தட்டுகளை இயக்கினார். மக்கள் விரும்பி ஆடிய தாளப் பகுதி நீள வேண்டுமென்று, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும் முறையை வளர்த்தவர் அவர். அதே பகுதியில் ஜோசப் சாட்லர் என்னும் மின்னணுவியல் பயின்ற இளைஞர் ஒரு குறையைக் கண்டார். அடுத்த தட்டில் ஊசி எங்கே நிற்கிறது என்பதை, கூட்டத்துக்குக் கேட்காமல் தாம் மட்டும் முன்னதாகக் கேட்க வழி வேண்டும். கையில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டு அதற்கான இணைப்பைத் தாமே அமைத்துக்கொண்டார். ஊருக்குக் கேட்பது ஒன்று, இயக்குபவரின் காதில் ஒலிப்பது மற்றொன்று. இவ்விரு வழிகளே இக்கலையின் உயிர்நாடி.

மறுவாரம் இளைஞன் வந்தபோது அவன் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினோம்.

"தம்பி, கடைசி வரியை முதல் வரியாக்கு" என்றோம். ஹெட்போன் காதை முழுவதும் மூடி, வெளிச்சத்தத்தைத் தடுப்பதாக இருக்க வேண்டும்; ஒரு காதை மட்டும் திறக்கும்படி திரும்ப வேண்டும்; கம்பி பழுதானால் மாற்றத்தக்கதாக இருத்தல் நலம். கம்பியில்லா ப்ளூடூத் வகை இத்தொழிலுக்கு ஆகாது. அதில் ஒலி சற்றே பிந்தி வருவதால் தாளம் தவறும்.

இரண்டாவது, கன்ட்ரோலர். தொடங்குபவனுக்கு இரண்டு சேனல் போதும். ஆனால் சவுண்ட் கார்டு அதனுள்ளேயே இருக்கிறதா, ஹெட்போனுக்குத் தனித் துளையும் ஒவ்வொரு சேனலுக்கும் கியூ பொத்தானும் உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லையேல் மடிக்கணினியின் ஒரே துளையைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அப்போது உன் காதில் ஒலிப்பதே ஊருக்கும் ஒலிக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி நீளமாக இருந்தால் கை பழகும். 1972-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 சுழல்மேடையின் 1979-ஆம் ஆண்டு மறுபதிப்பில் இடம்பெற்ற நகர்த்தி, வேகத்தை எட்டு விழுக்காடு வரை ஏற்றி இறக்கியது. இன்றைய கன்ட்ரோலரில் இருப்பது அதன் வாரிசே. பொத்தானை அழுத்தினால் இயந்திரமே தாளத்தைச் சேர்க்கும் வசதியும் இன்று உண்டு. ஆயினும் காதால் சேர்க்கக் கற்றவனே அது தவறும்போது திருத்துவான்.

மூன்றாவது, நல்ல கம்பிகள். ஒவ்வொன்றிலும் ஒன்று கூடுதலாக. ஐந்நூறு பேர் கூடிய மண்டபத்தை ஊமையாக்க ஒரு பழுதான கம்பி போதும்.

"பெட்டிகள்?" என்று கேட்டான்.

"வாடகைக்கு எடு. வேலை நிலைத்தபின் வாங்கலாம்" என்றோம். வாட் எண்ணிக்கையைப் பலர் தவறாக எண்ணுகின்றனர். 500 வாட்டை 1,000 வாட்டாக்கினால் ஒலி இரு மடங்காகக் கேட்பதில்லை; மூன்று டெசிபெல் மட்டுமே கூடுகிறது. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்ச வாட் கணக்கை விட்டு, தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். கணக்கையே கேட்க வேண்டும். மேலும், தொழிலிடங்களுக்கு வல்லுநர் வகுத்த அளவுப்படி, 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கும் செவிக்கு 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரமே எல்லை. காது கெட்டபின் எந்தக் கருவியை வாங்கி என்ன பயன்?

இளைஞன் தாளை மடித்தான். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. தாய் தயங்கித் தயங்கி வேறொன்றைக் கேட்டார்: "இது நல்ல தொழில்தானா சாமி? பாவம் ஒண்ணும் இல்லையே?"

2023 ஆகஸ்ட் 6 அன்று காலை, லிஸ்பன் நகரில் உலக இளையோர் நாளின் நிறைவுத் திருப்பலிக்குமுன், ஆற்றங்கரையில் கூடியிருந்த இளைஞர் பெருங்கூட்டத்தை இவ்விசையால் எழுப்பியவர் கில்யெர்மே பெய்ஷோட்டு என்னும் போர்த்துகல் நாட்டுப் பங்குக் குருவானவர் என்று எடுத்துரைத்தோம். தாய் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் ஆரம்பிச்சிராதீங்க சாமி" என்றார்.

சங்கிலி அடகுக்குப் போகவில்லை. தன் சேமிப்பிலும் சீட்டுப் பணத்திலும் 28,000 ரூபாய்க்குக் கன்ட்ரோலரும் 5,000 ரூபாய்க்கு ஹெட்போனும் வாங்கினான். கடை வேலையை விடவில்லை. இரவுதோறும் ஒரு மணி நேரம் பழகினான். "ராத்திரி பூரா தலைய ஆட்டுறான், வீட்டுல ஒரு சத்தமும் இல்ல, பிள்ளைக்கு என்ன ஆச்சோ" என்று தாய் நம்மிடம் முறையிட்டதும் உண்டு.

அக்டோபரில் உறவினர் வீட்டுப் புதுநன்மை விருந்துக்கு அவனை அழைத்தனர். வாடகைப் பெட்டிகள் தேவைப்பட்டன. அப்போதுதான் அந்த மாட்டுத் தொழுவம் நம் நினைவுக்கு வந்தது. உண்மையில், அது நம் நினைவை விட்டு அகன்றதே இல்லை. அவனை அழைத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்றோம். முதியவர் ஒன்றும் பேசாமல் தார்ப்பாயை விலக்கினார். நான்கில் இரண்டின் கூம்புகளை எலி கடித்திருந்தது. மற்ற இரண்டும் பாடின.

விருந்தில் ஓரிடத்தில் பாட்டு இடறியது. அவன் சிரித்துக்கொண்டே சரிசெய்தான். முன்வரிசையில் ஒரு மூதாட்டி காதைப் பொத்தியதைக் கண்டு ஒலியைக் குறைத்தான். இரவு பத்து மணிக்குள் நிறுத்தினான். ஒலிபெருக்கிக்கு அதுவே சட்டம் விதித்த எல்லை.

பிள்ளைகளின் ஆசையை ஏந்திப் பெற்றோர் நம்மிடம் வரும்போது, நாம் வியந்ததை அவர்களுக்கு வாங்கித் தரச் சொல்வது எளிது. அவர்களுடைய தொழில் எதில் நிற்கிறது என்று முதலில் கேட்டறிவது கடினம். அந்தக் கேள்வியை நாம் 2014-இல் கேட்கவில்லை.

மறுநாள் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோய், வாடகைப் பணத்தை இளைஞன் முதியவரின் கையில் கொடுத்தான். அவர் அதை இருமுறை எண்ணி மடியில் வைத்தார். நாம் விடைபெற எழுந்தோம்.

"டீ குடிச்சிட்டுப் போங்க சாமி" என்றார் அவர்.

அமர்ந்தோம்.