புலமைப்பரிசில் வாரத்தில் வீட்டுப்பாடம்: கண்டி நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள். கண்டி நகர்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆறு நாள்களே எஞ்சியிருக்கும் இவ்வேளையில், நகரத்துப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் பிள்ளை செய்தது எது, பெற்றோர் செய்தது எது என்று பிரித்தறிவது கடினமாகியிருக்கிறது. ஒப்படை எனப்படுவது, பாடப்புத்தகத்துக்கு வெளியே தகவல் திரட்டியோ ஒரு பொருளை உருவாக்கியோ பிள்ளை ஆசிரியரிடம் கையளிக்க வேண்டிய பணியாகும். பல வீடுகளில் அது பிள்ளை உறங்கிய பின்னர் தாயின் கையால் முடிக்கப்படுகிறது. பிரிஸ்டல் போர்ட்டில் படங்களைப் பிசகின்றி ஒட்டி, தலைப்பை வண்ணப் பேனையால் எழுதி, மறுநாள் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பப்படும் அவ்வேலைக்கு வகுப்பில் வழங்கப்படும் புள்ளி யாருடைய ஆற்றலுக்கு உரியது என்று எவரும் கேட்பதில்லை.

இதைப் பெற்றோரின் வீண்பெருமை என்று ஒதுக்குவது நியாயமன்று. மாவட்டத்துக்கும் பாடசாலைக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப அறிவிக்கப்படும் வெட்டுப்புள்ளி, அதாவது உதவித்தொகைக்கோ பெயர்பெற்ற பாடசாலையில் ஆறாம் தர அனுமதிக்கோ தேவையான ஆகக் குறைந்த புள்ளி, பத்து வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தையே தீர்மானித்துவிடும் என்ற அச்சம் அவர்களை ஒப்படையின் முன் உட்கார வைக்கிறது. வசதியற்ற பிள்ளைக்குக் கைகொடுக்க ஏற்படுத்தப்பட்ட பரீட்சையொன்று, வசதியுள்ள வீடுகளின் இரவு உறக்கத்தைப் பறிப்பதாக மாறியிருப்பது வருந்தத்தக்கது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டுப்பாடத்தில் பெற்றோரின் ஈடுபாடு குறித்து எரிகா பட்டல், ஹரிஸ் கூப்பர், ஜோர்ஜியான் ரொபின்சன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், முன்னர் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட கட்டுரை இங்கே கருதத்தக்கது. பெற்றோரின் பல்வேறு தலையீடுகளுள், எப்போது படிப்பது, எங்கே அமர்வது போன்ற ஒழுங்குகளை வகுப்பதே பிள்ளையின் அடைவுடன் கூடுதலாகத் தொடர்புற்றிருந்தது. மொழிப் பாடங்களில் பெற்றோரின் ஈடுபாடு அடைவுடன் சாதகமாகவும் கணிதத்தில் பாதகமாகவும் தொடர்புற்றிருந்தது. கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்கே பெற்றோர் அதிகம் உதவ முற்படுவர் என்பதையும் மறந்துவிடலாகாது. எனினும், பாடசாலையில் ஒரு முறையிலும் வீட்டில் வேறொரு முறையிலும் வகுத்தல் கற்பிக்கப்பட்ட பிள்ளையின் கணிதக் கொப்பியை, அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோயிருக்கும் அந்தப் பக்கத்தை, ஒருமுறை பார்த்தவர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது.

ஆகஸ்ட் 6, புதன். கலஹா

கண்டிக்குத் தெற்கே ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை என நீளும் தேயிலை மலைகளில் பெற்றோரின் தலையீடு பற்றிய இக்கேள்வி தலைகீழாக நிற்கிறது. அங்கு பெற்றோர் அளவுக்கு மீறித் தலையிடுவது சிக்கலன்று. தலையிடக்கூடிய பெற்றோர் இருப்பர் என்று பாடசாலை எடுத்துக்கொள்வதே சிக்கல். காலையில் பிரட்டுக்கு, அதாவது அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படும் இடத்துக்குப் போய், மலையில் நின்று கொழுந்து பறித்து, மாலையில் அதை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்புக்குத் திரும்பும் தாய் அடுப்பை மூட்டும் நேரமும் பிள்ளை கொப்பியை விரிக்கும் நேரமும் ஒன்றே. பலருக்கு அக்கொப்பியை வாசிக்கும் அளவுக்குப் படிப்பு வாய்க்கவில்லை என்றால், அது அவர்களின் அக்கறையின்மையால் நேர்ந்ததன்று. அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கும் வரை, ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் சில வகுப்புகளுமே அங்கு கல்வியாக இருந்தன. அன்று தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மறுக்கப்பட்ட கல்வியின் கடனை இன்று பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் வசூலிப்பது பெருந்தவறு.

ஆயினும், எழுத்தறியாத தாய் கணக்கறியாதவள் அல்லள். நிறுவையில் எத்தனை கிலோ விழுந்தது, ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழித்தார்கள், இம்மாதம் எத்தனை பேர் விழுந்திருக்கிறது (முழுநாள் வேலை பதிவாவதையே பேர் என்பர்) என்பவை அவளுக்கு மனப்பாடம். 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தின்படி 20 பேருக்கு 27,000 ரூபாய் வரவேண்டும். ஊழியர் சேமலாப நிதி முதலான கழிவுகள் போகக் கையில் வருவது எவ்வளவு என்று அம்மாவின் சம்பளச் சீட்டை வாசித்து, அவளிடம் கேட்டுக் கணக்கிட்டு வருமாறு சொல்லும் வீட்டுப்பாடத்தில் தாய் இயல்பாகவே பங்கெடுப்பாள். சீட்டைப் பிள்ளை வாசிக்க, கழிவு ஒவ்வொன்றும் எதற்கு என்று தாய் விளக்க, இருவரும் கற்கின்றனர். சம்பளத்தை வகுப்பில் வெளிப்படுத்தத் தயங்கும் குடும்பங்களும் உண்டு என்பதால், ஆசிரியர் மாதிரிச் சீட்டொன்றைக் கொடுப்பது உகந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி. நிக்கினி போயா

எசல பெரஹெராவின் இறுதி ரந்தோலி ஊர்வலம் இன்றிரவு நகர வீதிகளில் செல்கிறது. பரீட்சைக்கு முந்திய இந்நாள்களில் பிரத்தியேக வகுப்புகளை நடத்துவதும் மாதிரி வினாத்தாள்களை விநியோகிப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆனால் வீட்டுக்குள் நடப்பதை எந்தத் தடையும் எட்டாது. மேளச் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு பிள்ளையை இன்னொரு வினாத்தாளுக்கு முன் இருத்துவதால் கூடும் புள்ளி மிகச் சொற்பமாகவே இருக்கும். இத்தகைய இரவுகளில் பெற்றோர் செய்யத்தக்க உதவி கொப்பியை மூடி வைப்பதேயாகும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பரீட்சை நேற்று முடிந்துவிட்டது. ஆறாம் தரத்தில் வீட்டுப்பாடம் இன்னும் கனக்கும். பிள்ளை தனியே செய்து முடிக்கக்கூடியதாக வேலை கொடுப்பதும், திருத்தும் பொறுப்பைப் பெற்றோரின் கையொப்பத்திடம் தள்ளாமல் தானே வைத்துக்கொள்வதும் பாடசாலையின் கடமை. பிழையான விடை பிழையாகவே வகுப்புக்கு வந்தால்தான் எதை மீண்டும் கற்பிக்க வேண்டுமென்று ஆசிரியருக்குத் தெரியும். நேரத்தையும் வெளிச்சத்தையும் இருக்க ஓர் இடத்தையும் கொடுத்து, எப்படிச் செய்தாய் என்று கேட்பது பெற்றோரின் பங்கு. ஒற்றை அறையில் பலர் வாழும் லயத்தில் அந்த இடமே கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் பிள்ளைக் காம்பரா என்றழைக்கப்பட்டு இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக இயங்கும் தோட்டத்துக் கட்டடங்களில், தாய்மார் மலையிலிருந்து திரும்பியதும் அன்றைய பணி முடிகிறது. அவற்றை மாலை ஆறு முதல் எட்டு மணிவரை திறந்து, மின்விளக்கும் மேசையும் உயர்தரம் படித்த ஓர் அக்காவின் துணையும் கிடைக்கச் செய்ய ஆகும் செலவைத் தோட்ட நிருவாகமும் வலயக் கல்வி அலுவலகமும் பகிர்ந்துகொள்ள முடியும்.