மாதுங்காவின் கடைத்தெரு

ஓர் ஊரின் செல்வத்தை அதன் மாளிகைகள் சொல்லும். அதன் மனத்தைக் கடைத்தெருதான் சொல்லும். நான் பிறந்து வளர்ந்தது மும்பையின் மாதுங்காவில். தமிழகத்தை விடுமுறையில் மட்டுமே கண்ட எனக்குத் தமிழ் கற்பித்தவை இரண்டு: ஒன்று பாட்டியின் மடி, மற்றொன்று அந்தக் கடைத்தெரு.

1896இல் பிளேக் நோய் பம்பாயை உலுக்கியது. நெருக்கமான சந்துகளை விட்டு மக்கள் விலகி வாழ வேண்டுமென்று, 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டு, தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களைத் திட்டமிட்டது. வேலை தேடி வந்த தென்னாட்டார் பலர் மாதுங்காவில் குடியேறினர். 1920களில் ஆஸ்திக சமாஜமும் பஜன சமாஜமும் தோன்றின. கோயில் வந்ததும் பூக்கடை வந்தது. 1940இல் கபே மெட்ராஸும், 1942இல் ராம நாயக்கின் உடுப்பி உணவகமும் வந்தன. இலையில் உண்பவர் இருக்கும் இடத்தில் வாழையிலை விற்பவரும் இருப்பார் அல்லவா?

என் பாட்டிக்கு இந்தி தெரியாது, மராத்தியும் தெரியாது. ஆயினும் நாற்பது ஆண்டுகள் அவர் அத்தெருவில் அரசிபோல் உலவினார். காரணம், கடைக்காரர்கள் தமிழ் பேசியதுதான். எங்கள் காய்கறிக்காரர் கச்சு நாட்டவர். பூசணியை அரிவதற்குமுன், "சாம்பாருக்கா மாமி, கூட்டுக்கா?" என்று கேட்பார். விடைக்குத் தக்கபடி துண்டின் அளவு மாறும். காப்பிக் கடையிலோ பாட்டி வாய் திறக்கவே வேண்டாம். பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி கூடாது என்பது அரைப்பவருக்கு மனப்பாடம். அந்த மணம் தெருமுனையிலேயே எங்களை வரவேற்கும்.

பிறகு ஒவ்வொன்றாக மாறின. தமிழ் வார இதழ்கள் தொங்கிய கடையில் செல்பேசி உறைகள் தொங்கின. பாத்திரக் கடை துணிக்கடையாயிற்று. காப்பி அரைத்தவரின் மகன் பொறியியல் படித்து வெளிநாடு சென்றான், கடை மூடப்பட்டது. இதற்காக யாரை நோவது? தந்தை பகலெல்லாம் நின்று உழைத்தது, மகன் உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்பதற்காகத்தானே!

2020இல் ஊரடங்கு வந்தது. செல்பேசியில் பொருள் கேட்டால் வீடு தேடி வரும் என்றனர். பாட்டிக்கு அந்த வித்தை தெரியாது. அப்போது கச்சுக்காரரின் மகன் எங்கள் கட்டட வாயிலில் பை ஒன்றை வைத்துவிட்டுப் போவான். அதில் முருங்கைக்காய் இருக்கும், சேனை இருக்கும், பாட்டிக்கு ஆகாத கத்தரிக்காய் மட்டும் இராது. எந்தப் பட்டியலும் கொடாமலே வந்த பை அது!

எங்கள் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. அங்கே கோபுரம்போல் ஒன்று எழுகின்றது. நாங்கள் டோம்பிவிலிக்குக் குடிபெயர்ந்தோம். இங்கே எல்லாப் பொருளும் வாயிலுக்கே வருகின்றன. கொண்டுவரும் இளைஞன் எண்ணைக் கேட்கிறான், பையைத் தருகிறான், பறந்துவிடுகிறான். அவனைக் குறை சொல்லேன். அவனுக்கு நிமிடக் கணக்கு. ஆனால், "இன்று யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லையடா" என்று பாட்டி தொலைபேசியில் சொல்லும்போது, அவருக்குக் குறைந்தது காய்கறியன்று என்பது புரிகின்றது. ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறன்று அப்பா அவரை ரயிலில் மாதுங்காவுக்கு அழைத்துச் செல்கிறார். ஒரு பிடி மல்லிகைக்காக அவ்வளவு தொலைவா என்று அண்டை வீட்டார் சிரிக்கின்றனர்.

நண்பர்களே! கச்சிலிருந்து வந்த ஒருவர், வாணிகத்துக்காகவே ஆயினும், நம் மொழியைக் கற்றார். அதனால் ஒரு முதியவளுக்கு அயலூர் சொந்த ஊராயிற்று. இன்று நாமும் அயலூரில் இருக்கின்றோம். விடுதி வாயிலில் தேநீர் தருபவரிடம் அவர் மொழியில் நான்கு சொல் பேசக் கற்போம். நாணயம் கொடுத்தால் பொருள் கிடைக்கும்; சொல் கொடுத்தால்தான் ஊர் கிடைக்கும்.