கேட்டறிந்து ஒப்படைத்தல்

கார் வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் விசாரிக்கிறோம். மைலேஜ் எவ்வளவு, பிற்காலத்தில் என்ன விலை போகும், நிறம் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்றெல்லாம் குடும்பமே கூடி ஆலோசிக்கிறது. வாங்கிய பின்னரோ, சாவியைப் பட்டறையில் கொடுத்து, "எல்லாவற்றையும் பார்த்து வைத்துவிடுங்கள், அண்ணே" என்று சொல்லி வந்துவிடுகிறோம். மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்குப் பொதுச்சொல் ஒன்றைக் கேட்டால் அதன் எல்லை யாதெனக் கேட்கும் பழக்கம் உண்டு. அந்த "எல்லாம்" எதுவரை என்பது சொன்னவருக்கும் தெரியாது. கேட்டவர் தமக்கு உகந்தவாறு பொருள் கொள்வார்.

என் மைத்துனர் குடும்பத்துடன் கொடைக்கானல் மலையிறங்கி வருகையில், பிரேக் பெடல் மெத்தென்று அடிவரை இறங்கிவிட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, ஓரத்து மண்மேட்டில் வண்டியை நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், உள்ளிருந்த ஐவருக்கும் காயமில்லை. ஊர் திரும்பியதும் ஐந்தாண்டு பில்களையும் பரப்பி வைத்துப் படித்தோம். எஞ்சின் ஆயில் தவறாமல் மாற்றப்பட்டிருந்தது. பாலிஷ் போட்டதற்கும் தொகை வாங்கப்பட்டிருந்தது. பிரேக் ஆயில் என்ற சொல் எந்தப் பில்லிலும் இல்லை. காருடன் வந்த கையேடோ உறை பிரியாமல் கிடந்தது.

நாம் பிரேக் ஆயில் என்று வழங்கும் திரவம் பெரும்பாலான கார்களில் எண்ணெயே அன்று. காற்றின் ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்பு அதற்குண்டு. ஈரம் ஏற ஏறக் கொதிநிலை தாழும். டாட் 4 என்னும் வகை, புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதியாதிருக்க வேண்டும் என்பது விதி. ஈரமேறிய நிலையில் அவ்வரம்பு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதிக்கும்போது சூடேறித் திரவம் ஆவியாகும். ஆவி அழுத்தினால் சுருங்கிவிடும்; மிதித்த விசை சக்கரத்தைச் சென்றடையாது. பல கையேடுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனாலேயே. "கிலோமீட்டர் அல்லது மாதம், எது முந்துகிறதோ அது" என்பது அவற்றின் கணக்கு. குறைவாக ஓடிய வண்டிதானே என்னும் சமாதானம் இங்கே செல்லாது. டயருக்கும் வயதுண்டு. அதன் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

பட்டறையைத் தேர்வதில் கண்ணாடிக் கதவையும் குளிரூட்டிய வரவேற்பறையையும் நான் பெரிதாக எண்ணுவதில்லை. எங்கள் ஊரில் தகரக் கொட்டகையில் வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர், கழற்றிய பழைய பாகத்தைக் கேளாமலே டிக்கியில் வைத்துத் தருவார். புதியது வந்த அட்டைப்பெட்டியும் உடனிருக்கும். தொகையை முன்கூட்டியே சொல்வார். இடையில் வேறு பழுது கண்டால், கைபேசியில் அழைத்துச் சம்மதம் கேட்ட பின்பே கைவைப்பார். வேலையும் கூலியும் இன்னவென்று இருதரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஃபிக்ஹுப் பாடத்தில் மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் என் நினைவுக்கு வரும். பெரிய நிறுவனங்களிலும் இத்தகையோர் உண்டு, கேட்டால்தான் தெரியும்.

மைத்துனர் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகம், கொடுத்த தொகை அனைத்தும் அதில் உள்ளன. சென்ற மாதம் அதைப் புரட்டிய அவர் மகள், "வாப்பா, ரேடியேட்டர் கூலண்ட் மாற்றிய தேதியைக் காணோமே?" என்றாள். மறுநாள் காலை வண்டி தகரக் கொட்டகை வாசலில் நின்றது.