களிம்பு

பாலையூற்றில் வளர்ந்தவனுக்கு உப்பின் குணத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கடற்காற்று கதவுக் கீல்களைத் தின்பதை நாள்தோறும் கண்டவன் நான். பின்னர் நூதனசாலையொன்றிலே தொல்பொருள்களைப் பேணும் பணியில் அமர்ந்தபோதும் அந்த உப்போடுதான் போராட்டம். வெண்கலத்தினுட் புகுந்த குளோரைட்டு, ஈரம் பட்டதும் வெளிர்பச்சைத் தூளாய்ப் பூத்து உலோகத்தை அரித்துவிடும்.

1950ஆம் ஆண்டிலே திருகோணமலையிற் கிணறு வெட்டியபோது மண்ணுள்ளிருந்து வெளிப்பட்ட சோமாஸ்கந்தர் முதலான திருமேனிகள் கோணேசர் கோயில் வழிபாட்டிற்கே மீண்டன. அவற்றைப் புதைத்துக் காத்தவர் எவரோ? சிறுவயது முதல் என்னோடு வளர்ந்த வினா இது. அத்தகைய ஒருவரின் தடயத்தை நானே அழிப்பேனென்று எண்ணியதில்லை.

பணியேற்ற புதிதில் ஒரு சிறு விளக்கு என்னிடம் வந்தது. களிம்பு அனைத்தும் பகையென்றே கருதிய காலம். கூரிய கத்தியாற் சுரண்டிப் பளபளக்கச் செய்தேன், மூத்தோரும் மெச்சினர். மறுவாரம், துப்புரவுக்கு முன் எடுத்த நிழற்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினேன். விளக்கின் அடிப்புறக் களிம்பிலே ஊடும் பாவுமாய் நெசவு பதிந்திருந்தது. துணி மக்கிப் போகலாம். அதன் இழைகளைச் செப்பின் உப்புகள் அச்செடுத்தாற்போற் காத்துவைக்கும். யாரோ ஒருவர் அவ்விளக்கைத் துணியிற் சுற்றிப் புதைத்திருக்கிறார்.

மேசையடியைத் துழாவினேன். தூளை அன்றே கூட்டி எறிந்திருந்தார்கள்.