வாடகை வீட்டுத் திரைச்சீலை

புது வாடகை வீட்டில் ஆணி அடித்தால் அட்வான்ஸில் பிடித்தமாம். மேற்குப் பார்த்த இரண்டு ஜன்னல்கள். கண் ஆபரேஷன் ஆன என் வீட்டுக்காரருக்கு மாலை வெயில் ஆகாது.

ஜன்னலின் இரு பக்கச் சுவருக்கு நடுவே இறுக்கி நிறுத்தும் ஸ்பிரிங் கம்பி வாங்கினேன். ஆணியே வேண்டாம். கனத்த துணி போட்டால் சரியும். பருத்திச் சேலை நிற்கும். நான் பள்ளிக்குக் கட்டி வந்த சின்னாளப்பட்டிச் சேலையை எடுத்தேன். நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. நான்கு துண்டாக்கினால் ஜன்னலுக்கு இரண்டு. கொசுவம் விழத் தாராளம். சேலையின் அகலமே மூன்றரை அடி ஜன்னலுக்கு உயரமாகிவிடும். மேல்கரையை மடித்துத் தைத்துக் கம்பியை நுழைத்தேன். கீழ்க்கரையில் தையலே தேவையில்லை.

வெளியூரில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளே, சொந்த வீடு வரட்டும் என்று வெயிலில் காயாதீர்கள். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.