பனிமலையில் ஒரு பருவகாலப் பணி

தமிழிலக்கணம் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, மார்கழியும் தையும் முன்பனி என்றும், மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் வழங்குவதை இத்துறையில் பயின்றோர் அறிவர். அப்பனி புல்நுனியில் தங்கிக் கதிரவன் எழுந்ததும் மறைவது. அதே நான்கு மாதங்களையும், இடுப்பளவு குவிந்து ஏப்ரலிலும் கரையாத வேறொரு பனியின்மீது நின்று கழிக்கும் வாய்ப்பு 2022ஆம் ஆண்டின் இறுதியில் நமக்குக் கிட்டியது.

கனடாவின் கால்கரி நகரில் முதுகலைப் படிப்பை முடித்திருந்தோம். படிப்புக்கேற்ற வேலை உடனே அமையவில்லை. படித்துத் தேறிய அயல்நாட்டு மாணவருக்கு அந்நாடு வழங்கும் பணி அனுமதி கைவசம் இருந்தது. நகருக்கு மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், ராக்கி மலைகளுக்கு நடுவே பான்ஃப் என்னும் சிற்றூர் உள்ளது. 1885இல் அரசு காப்பிடமாக ஒதுக்கிய நிலத்திலிருந்து வளர்ந்த தேசியப் பூங்காவுக்குள் அமைந்த ஊர் அது. அப்பூங்காவில் பனிச்சறுக்குத் தலங்கள் மூன்று. அவற்றுள் ஒன்றில் 'சேர்லிஃப்ட்' இயக்குநராகச் சேர்ந்தோம். பெயர் பெரிது, கையில் கொடுத்ததோ பனி வாரும் அகன்ற மண்வாரி!

சேர்லிஃப்ட் என்பது ஓயாது சுழலும் கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகளின் வரிசை. பழனியில் ரோப் கார் ஏறியவர்கள் அதன் உறவினனைக் கண்டிருக்கிறார்கள். உலகின் முதல் சேர்லிஃப்ட் 1936இல் அமெரிக்காவின் சன் வேலி என்னுமிடத்தில் ஓடியது. அதை வடிவமைத்த ரயில்வே பொறியாளர் ஜேம்ஸ் கரன், வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் கொக்கி வடத்தைக் கண்டே அந்த யோசனையைப் பெற்றார். வாழைத்தார் தொங்கிய இடத்தில் செல்வந்தரை அமர்த்திய அந்த மதியூகத்தை எண்ணி நாம் பலமுறை நகைத்ததுண்டு.

நமது இயந்திரம் பழையது. ஆறேழு விநாடிக்கு ஒரு நாற்காலி சுழன்று வரும். வரும் நாற்காலியைக் கையால் பற்றி, அதன் வேகத்தைச் சற்றே தணித்து, நிற்பவரின் முழங்காலில் இடிக்காதபடி விட வேண்டும். குழந்தை வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எவரேனும் விழுந்தால் அக்கணமே நிறுத்த வேண்டும். நிறுத்திய பின், மலையுச்சியில் இருக்கும் தோழரிடம் தொலைபேசியில் கேட்டு, இரு முனையிலும் இடரில்லை என்று உறுதியான பிறகே மீண்டும் ஓடவிடலாம். இடைவேளைகளில் ஏறுமிடத்துப் பனியை வாரிச் சமன் செய்வோம். முன்பின் அறியாத ஒருவரின் எலும்பு, சில விநாடிகள் நம் கவனத்தை நம்பி நிற்கிறது. அந்தச் சில விநாடிகளில் நம் பட்டச் சான்றிதழுக்கு வேலையில்லை.

குளிரைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. டிசம்பரில் சுழிக்குக் கீழ் முப்பது பாகையைக் கண்டோம். மூச்சு இமைமயிரில் உறைந்துவிடும். தன் மூக்கு நுனி வெளுப்பதை ஒருவன் தானே அறிய இயலாது. ஆதலால் அரைமணிக்கொருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். "உன் கன்னம் வெளுக்கிறது, உள்ளே போ" என்பதுதான் அங்கே நாம் அதிகம் கேட்ட அன்புச் சொல்.

காலையில் படிக்கட்டுகளில் உப்புத் தூவுவதும் நம் கடமை. உப்பு பனிக்கட்டியை உருக்கும்; ஆனால் சுழிக்குக் கீழ் இருபத்தொரு பாகைக்கும் தாழ்ந்தால் அதன் ஆற்றல் அற்றுப்போகும். அப்போது சரளை மணலே கதி. முதல்நாள் அந்த உப்பு வாளியைக் கையில் தந்தபோது நாம் சற்றுத் திகைத்து நின்றோம். நம் வாப்பா ஆறுமுகநேரி உப்பளத்தில் கணக்கெழுதியே நம்மைப் படிக்க வைத்தவர்கள்.

வாப்பாவிடம் வேலையைச் சொல்லத்தான் இரு வாரம் தயங்கினோம். மாமாமார் "முதுகலை படித்துவிட்டுப் பனி வாருவதா?" என்றார்கள். வாப்பா அதைக் கேட்கவில்லை. "பனி இல்லாத நாளைக்குக் கூலி உண்டா?" என்று மட்டும் கேட்டார்கள். நாற்பது ஆண்டு உப்பளக் கணக்கு எழுதிய கண்ணுக்கு அதுவே முதலில் புலப்பட்டது போலும். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கும். தை பிறக்கும் வரை உப்பளத் தொழிலாளிக்கு வேலையில்லை. அம்மாதங்களுக்கென 5,000 ரூபாய் நிவாரணத்தைத் தமிழக அரசு வழங்கத் தொடங்கியதே அண்மை ஆண்டுகளில்தான்.

கூலி இல்லை என்றே நாம் மறுமொழி சொன்னோம். அல்பெர்ட்டா மாகாணத்தில் 2018 அக்டோபரிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 டாலர். நம் ஊதியமும் அதையொட்டியதே. ஆனால் காற்று மிகுந்தால் நாற்காலிகள் ஓடா; ஓடாவிடில் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். மேற்கிலிருந்து மலை கடந்து இறங்கும் 'சினூக்' என்னும் வெப்பக்காற்று சில மணி நேரத்தில் குளிரையே புரட்டிவிடும். அந்த வாரம் நம் சம்பளச் சீட்டு மெலிந்திருக்கும். நால்வர் தங்கிய அறையின் வாடகையோ சினூக்கை அறியாது; அது முறையாகப் பிடிக்கப்பட்டுவிடும். பான்ஃபில் வேலையோ தொழிலோ உள்ளவரும் அவர்தம் குடும்பத்தாருமே குடியிருக்கலாம் என்பது பூங்காச் சட்டம். கானுயிர் வாழும் நிலம் வீடுகளால் நிரம்பாதிருக்க அது நல்ல சட்டமே. ஆயினும் வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சத்தில், அதிக நேரம் நிற்கச் சொன்னால் மறுக்காத இளைஞர்களைக் கண்டோம். விருந்தினர் செலுத்தும் கட்டணம் பெரிது. இயற்கை பொய்க்கும் நாளின் இழப்பில் மட்டும் பெரும்பங்கு மண்வாரி பிடித்தவனுக்கு வருவது எந்தக் கணக்கில் நியாயம்?

ஏப்ரலில் நமது ஒப்பந்தம் முடிந்தது. அறையை மூன்று நாளில் ஒழித்துத் தர வேண்டும். உடன் தங்கிய ஆஸ்திரேலிய இளைஞன், தென்கோளத்தில் ஜூனில் குளிர்காலம் தொடங்கும் என்று சொல்லி, நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். தன் கையுறை நம்முடையதைவிடத் தடிப்பானது என்று அதை நம்மிடம் தந்துவிட்டு, நம்முடையதை எடுத்துக்கொண்டான்.