திரும்பி வராத விமானங்கள்!

உங்க காலேஜ்லயும் அந்த சீனியர் கண்டிப்பா இருப்பார். அமெரிக்காவுல எம்.எஸ். முடிச்சு, வேலையும் வாங்கி, டிசம்பர் லீவுல ஊருக்கு வந்து, டிபார்ட்மென்ட் வாசல்ல நின்னு ஜூனியர்களுக்கு அட்வைஸ் பண்ணுவார். ''ரொம்ப சிம்பிள்! ஜி.ஆர்.இ. எழுது... பத்து யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணு... கிடைச்சதுல ரேங்க் பார்த்து சேர்ந்துடு!''

போன டிசம்பர்ல அந்தக் கூட்டத்துல வாயைப் பிளந்துக்கிட்டு நின்னவங்கள்ல நானும் ஒருத்தி.

நான் படிக்கிறது இ.சி.இ. மேல படிக்க ஆசைப்படறது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். காரணம், நாலாவது செமஸ்டர்ல வந்த ப்ராபபிலிட்டி பேப்பர். பாதி கிளாஸ் அரியர் வாங்கின அந்தப் பேப்பர்ல நானும் விழுந்தேன்... மார்க்ல இல்ல, காதல்ல! சீனியர் சொன்ன மாதிரியே ரேங்க் லிஸ்ட் பார்த்து பத்து யுனிவர்சிட்டி பேரை எழுதி, ஹாஸ்டல் அலமாரியில ஒட்டி வெச்சேன். வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன். மறுநாளே அப்பா பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து வெச்சுட்டார். ''பெரிய லோன்னா பேங்க்ல அடமானம் கேப்பாங்களாம்மா. வெச்சுடலாம். நீ படி.''

இருபது வருஷம் தவணை கட்டி, போன வருஷம்தான் மீட்ட பத்திரம் அது. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

அந்த வாரம்தான் லைப்ரரியில் ஆபிரகாம் வால்டு பற்றிப் படித்தேன். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ராணுவத்துக்காக இயங்கிய ஸ்டாட்டிஸ்டிக்ஸ் குழுவில் இருந்தவர். சண்டைக்குப் போய்த் திரும்பும் விமானங்களில் எங்கெல்லாம் குண்டு துளைத்திருக்கு என்று கணக்கெடுத்தார்கள். ஓட்டை அதிகமா இருக்கற இடத்துலதானே கவசம் போடணும்னு நமக்குத் தோணும்? வால்டு யோசித்தது நேர் எதிர். 'அந்த இடத்தில் அடிபட்டும் விமானம் திரும்பி வந்துடுச்சே! அப்படின்னா, வராமல் போன விமானங்களுக்கு அடி வேறெங்கோ விழுந்திருக்கு. கவசம் அங்கேதான் வேணும்.' இதற்கான கணக்கை 1943-ல் எழுதினார். இன்னொரு விஷயம் தெரியுமா? இதே வால்டு, 1950 டிசம்பரில் லெக்சர் கொடுக்க இந்தியா வந்தபோது விமான விபத்தில் இறந்துபோனார். விபத்து நடந்த இடம்... நம்ம நீலகிரி மலை!

படிச்சதும் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்தது. எங்க சீனியர், திரும்பி வந்த விமானம். திரும்பாதவங்க யாரும் டிபார்ட்மென்ட் வாசல்ல நின்னு அட்வைஸ் பண்றதில்லையே!

அப்படிப்பட்டவங்களைத் தேட ஆரம்பிச்சேன். ரெண்டு பேர் கிடைச்சாங்க.

முதல்ல ஒரு அக்கா. அமெரிக்காவுல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பி.எச்டி.க்கு நேரா அப்ளை பண்ணி, போட்ட இடம் எல்லாத்துலயும் ரிஜெக்ட். ''ஜி.ஆர்.இ. ஸ்கோர் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா, என் மார்க் ஷீட்ல 'ரியல் அனாலிசிஸ்'னு ஒரு பேப்பர்கூட இல்ல. நம்ம இன்ஜினீயரிங் மேத்ஸ் எல்லாம் 'விடை கண்டுபிடி' டைப். அவங்க பார்க்கறது 'நிரூபி' டைப். ரெகமண்டேஷன் லெட்டர் மூணு கேட்டாங்க. அதுல ரெண்டு, என் பேரைத் தவிர என்னைப் பத்தி எதுவும் தெரியாதவங்ககிட்ட வாங்கினது'' என்றார்.

அடுத்து ஒரு அண்ணா. எம்.எஸ். சேர்ந்து, பாதியிலேயே திரும்பி வந்தவர். டிகிரி இல்லை. லோன் மட்டும் இருக்கு. அங்கே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பி.எச்டி. சேர்ந்தால், பெரும்பாலும் ஃபீஸ் தள்ளுபடி ஆகிவிடும். பாடம் நடத்த உதவி செய்வதற்கு மாசாமாசம் ஸ்டைபெண்டும் வரும். எம்.எஸ். பெரும்பாலும் நம்ம கைக்காசுதான். ''போய் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை வாங்கி சமாளிச்சுடலாம்னு நினைச்சேன். அது முதல்ல பி.எச்டி. பசங்களுக்குத்தான் போகும்னு போன பிறகுதாம்மா தெரிஞ்சுது.'' போனை வைக்கும்போது அவர் சொன்னதை என்னால மறக்க முடியலை. ''இதுவரைக்கும் யாருமே என்கிட்ட இதைக் கேட்டதில்ல.''

ரூமுக்கு வந்ததும் அலமாரி லிஸ்ட்டைக் கிழிச்சேன். ரேங்க்குக்குப் பதிலா ரெண்டே கேள்வி வெச்சு புதுசா எழுதினேன். படிக்கிறதுக்குக் காசு யார் தர்றாங்க? அங்கே நுழைய என் மார்க் ஷீட்ல எது குறையுது?

பாருங்க, பத்து பேர்ல எட்டு பேர் அவுட்! அந்த இடத்துல, நான் அதுவரை திரும்பியே பார்க்காத பேரெல்லாம் வந்து உட்கார்ந்துச்சு. கொல்கத்தா இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் இன்ஸ்டிட்யூட், 1931-ல் மகலனோபிஸ் ஆரம்பித்தது. சி.ஆர்.ராவ் வேலை பார்த்த இடம். அவர் 1945-ல் எழுதிய ஒரு கட்டுரைக்காக, 2023-ல் சர்வதேச ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பரிசு கொடுத்தார்கள்! அங்கே எம்.ஸ்டாட். படிப்புக்கு இதுநாள் வரை ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. ஸ்டைபெண்ட் வேற! என்ட்ரன்ஸில் அப்ஜெக்டிவ் ஒன்று, எழுதி நிரூபிக்க ஒன்று என ரெண்டு பேப்பர். அடுத்தது, ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர 'ஜாம்' தேர்வு. அதில் மேத்தமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தனி பேப்பர். மூணு மணி நேரம், 100 மார்க். இன்ஜினீயரிங் பசங்களும் எழுதலாம். ஆனா, ஒவ்வொரு இடத்துலயும் தகுதி விதி வேற வேற. அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி அந்த ஒரு பாராவை ரெண்டு தடவை படிச்சுடுங்க, ப்ளீஸ்!

வெளிநாடுதான்னு முடிவு பண்ணினவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபண்டிங்கோட ஆஃபர் வந்தா, ஏப்ரல் 15 வரைக்கும் யோசிக்க டைம் தரணும்னு அமெரிக்காவுல நிறைய யுனிவர்சிட்டிகள் சேர்ந்து ஒப்பந்தமே போட்டிருக்கு. அதனால, முதல் ஆஃபர் வந்த சந்தோஷத்துல அவசரப்பட்டுத் தலையை ஆட்டிடாதீங்க.

என் கதைக்கு வர்றேன். இப்போ தினமும் ராத்திரி என்.பி.டி.இ.எல். வீடியோ பார்த்து ரியல் அனாலிசிஸ் படிக்கிறேன். ஒரு நிரூபணத்துக்கு ஒரு மணி நேரம் ஆகுது. சில நாள் அழுகை வருது. ஜாம் எழுதுவேன், எம்.ஸ்டாட். எழுதுவேன், ஃபண்டிங் தர்ற ரெண்டு பி.எச்டி.க்கு மட்டும் அப்ளை பண்ணுவேன். எல்லாமே புட்டுக்கவும் சான்ஸ் இருக்கு. அப்படி ஆனா, கேம்பஸ்ல கிடைக்கிற வேலையில சேர்ந்துட்டு அடுத்த வருஷமும் எழுதுவேன்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்போ, அப்பாகிட்ட பத்திரத்தை வாங்கி நானே பீரோவுல வெச்சுப் பூட்டினேன். ''ஏம்மா, படிக்கலையா?''ன்னு பதறிட்டார். ''படிக்கத்தாம்பா போறேன்''னு சொன்னேன். அவருக்கு முழுசா புரிஞ்சுதான்னு தெரியலை. ஆனா, சாவியை வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டார்.

படிப்பு முடிஞ்ச அப்புறம், ஒரு டிசம்பர்ல நானும் எங்க டிபார்ட்மென்ட் வாசல்ல வந்து நிப்பேன். சீட் கிடைச்சிருந்தா நிப்பேன். கிடைக்கலைன்னா, கண்டிப்பா நிப்பேன்!